படங்கு போர்த்திய வீதி

வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டைக்குள் போகும் வீதி வெறும் களிமண். மழை பெய்தால் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் அச்சு வரைக்கும் புதையும். அந்தக் களியைக் கிளறி, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்து, நனைத்து, றோலரால் இறுக்கினால் மண் குணம் மாறிவிடும். "வெற்றிலைக்குத் தடவுற அளவுதான், வேலை பெரிசு" என்று போவோர் வருவோருக்கெல்லாம் விளக்கம் கொடுத்துத் திரிந்த மேற்பார்வையாளர் நான்தான்.

றோலர் ஓடி முடிந்த பின்னேரம், வாவிப் பக்கம் வானம் கறுத்தது. முதல் துளி மூக்கில் விழுந்ததும், "ஐயோ, றோட்டுக் கரையுது! படங்கு, படங்கு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கொக்குகள்கூடப் பறந்துவிட்டன.

பக்கத்துச் சரளை போட்ட கிறவல் வீதியில் காயப்போட்ட நெல்லைக் குவித்து, படங்குத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. போன வருசம் இந்தக் களியில் புதைந்தது அவருடைய நெல்தான்.

"றோட்டுப் போனா நெல்லை எப்பிடி ஏத்துற? இந்தாங்க சேர், பிடிங்க" என்று குவியலின் மேலிருந்த படங்கை அவரே இழுத்துத் தந்தார். வீதிக்குப் போர்த்தினேன், காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவது போல.

வந்தது தூறல்தான். நெல் நனைய அது போதும்.

மறுநாள் காலை தண்ணீர்ப் பவுசர் வந்து ஆரன் அடித்தது. வரச்சொன்னவனும் நான்தான். சுண்ணாம்பு கலந்து இறுக்கிய மண்ணைக் காயவிடாமல் நாள்தோறும் நனைக்க வேண்டும். எல்லோருக்கும் நான் எடுத்த வகுப்பே அதுதான். பயம் வந்ததும் அந்தப் பாடம் என்னை விட்டு எனக்கு முன்னாலேயே ஓடிவிட்டது.

நனைந்த நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்த அக்கா, பவுசர் பீச்சுவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'சேர்' போய்விட்டது.

"ஏன் தம்பி, நேத்து மழை படக்கூடாதெண்டு மூடினீங்க. இண்டைக்கு நீங்களே ஊத்துறீங்க?"

"அது… நனைக்கத்தான் வேணும், அக்கா."

"அப்ப என்ட நெல்லு என்னத்துக்கு நனைஞ்ச?"

பவுசர்க்காரர் தலையை வெளியே நீட்டினார். "சேர்ர றோட்டு மழைத்தண்ணி குடிக்காதாம், அக்கா."

"நெல்லு முளைக்கட்டும். மறுகா இவர்ர றோட்டிலயே நட்டு விடுறன்."

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நெல்லைக் காலால் துழாவத் தொடங்கினேன். 'விடுங்க சேர்' என்று சொல்வார் என்று கடைக்கண்ணால் பார்த்தேன்.

"ஓரத்தையும் துழாவுங்க, அங்கதான் ஈரம் கூட" என்றார்.