கம்பெனித் தூள்

அன்று காலை தபால்காரர் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாமே அஞ்சலட்டைகள். எங்கள் வீட்டுக்கு ஒரே நாளில் அத்தனை கடிதங்கள் வந்ததில்லை. அண்ணன் காலமானபோதுகூட வந்ததில்லை. அண்ணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. முதல் அட்டையை என்னிடம் நீட்டினார். வெளியூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: தாங்கள் குறிப்பிட்ட தேயிலைத்தூள் எங்கே கிடைக்கும்? இரண்டாவது அட்டையிலும் அதே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

அண்ணி பள்ளி ஆசிரியை. குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே படியேறிப் போகும் வரிசை வீடுகளில், முன்பக்கத்து இரண்டு அறைகளில் அவர் இருந்தார். அண்ணனுக்குப் பிறகு பின்பக்கத்தில் நானும் மனைவியும் மகளும் வந்து சேர்ந்துகொண்டோம். அண்ணியின் அப்பாவுக்கு ஊட்டியைத் தாண்டிச் சோலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருந்தது. பச்சை இலையின் விலை அடியோடு விழுந்த வருடங்களில், பறிக்கும் கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று அவர் செடிகளை அப்படியே விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் மகன் வீட்டுக்கு இறங்கிவிட்டார். இடுப்பளவில் நிற்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்து நின்றதை அண்ணி ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் புடவைகூட மாற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், அலமாரியிலிருந்த கம்பெனித் தேயிலைப் பாக்கெட்டை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்.

“இலைக்கு வெலை இல்லீங்கறாங்க. பாக்கெட்டு வெலை ஒரு நாளாவது எறங்குச்சுங்களா தம்பி?” என்று என்னைக் கேட்டார். நான் தேயிலை புரோக்கர் ஆபீசில் வேலை பார்ப்பவன். ஏலம், விலை, கொள்முதல் எல்லாம் என் கண் முன்னால் நடப்பவை. ஆனாலும் அந்தக் கேள்வியை ஆபீசில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

தேயிலையோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். அடுத்த மாதம் சோப்பு போயிற்று. பிறகு பற்பசை, பிஸ்கட், பாக்கெட் எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் மாற்று ஒன்றை அண்ணி விசாரித்துக் கண்டுபிடிப்பார். வாங்கி வருவது என் பொறுப்பு. மூட்டுவலியோடு சுமை தூக்கிப் படியேற அவரால் முடியாது என்பதால் துணிப்பை என் தோளில் ஏறியது. எண்ணெய் மேட்டுப்பாளையத்துச் செக்கிலிருந்து பஸ் டிரைவர் மூலம் வரும். மிளகும் கிராம்பும் பர்லியாரில் ஒரு வீட்டில். சோப்பு மகளிர் குழுவினர் செய்வது. அது குளிக்கும்போதே பாதி கரைந்து கையில் வழுவழுவென்று நிற்கும். என் மகள் அதை வைத்து அண்ணியைக் கிண்டல் செய்வாள். அண்ணியும் சிரிப்பார். மாற்ற மட்டும் மாட்டார்.

வாசிப்பிலும் இதே கதைதான். நாங்கள் வருடக்கணக்கில் வாங்கிவந்த வாரப் பத்திரிகை ஒன்றைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அதை நிறுத்தினார். அதில் அப்போது ஒரு துப்பறியும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கொலைகாரன் யார் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடி வெட்டும் கடையில் உட்கார்ந்து, திருட்டு பீடி குடிப்பவனைப் போலத் தெருவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மிச்ச வாரங்களைப் படித்து முடித்தேன். அண்ணி சந்தா கட்டித் தருவித்தவை சிறு பத்திரிகைகள். அவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும், சில சமயம் வராது. புத்தகம் என்றால் கிளை நூலகம், அல்லது எழுதியவருக்கு ஒழுங்காகப் பணம் கொடுக்கும் பதிப்பகம் என்று அவர் விசாரித்து வைத்திருந்த இரண்டு மூன்று இடங்கள். ஒரு தடவை, இப்படி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வாழ முடியுமா என்று சலித்துக்கொண்டே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “முழுசா முடியாதுங்க தம்பி. முடிஞ்சதத்தான் செய்யோணும். ஆனா என்ன வாங்கறோம், யாரு கிட்ட வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கோணும். தெரிஞ்சே தப்புப் பண்ணுனாலும் பரவால்லீங்க.”

தேயிலைக்குச் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன ஃபேக்டரி இருந்தது, சோலூரைத் தாண்டி. அதன் தூள் குன்னூரில் ஒரே ஒரு மளிகைக் கடையில் பழுப்புக் காகிதப் பையில் கிடைத்தது. காலையில் அந்தத் தூளில் ஒரு டம்ளர் டீ, கையில் ஒரு சிறு பத்திரிகை. அண்ணனுக்குப் பிறகு அண்ணி தனக்கென்று வைத்துக்கொண்ட சந்தோஷம் அவ்வளவுதான். பின்னொரு நாள் அந்த ஃபேக்டரியும் மூடிவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வேலை பார்த்தது டேஸ்டிங் ரூமில். ஏலத்துக்கு வரும் சாம்பிள்களை நிறுத்துப் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெள்ளைக் கிண்ணங்களில் வடித்து வரிசையாக வைப்பேன். டேஸ்டர் ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார். அந்த ஃபேக்டரியின் சாம்பிள் ஒரு வாரம் வரவில்லை. மறு வாரமும் வரவில்லை.

அண்ணியிடம் நான் சொல்லவில்லை. அவர் மனம் நோகுமே என்று மறைத்ததாகப் பிற்பாடு மனைவியிடம் சொன்னேன். அது பொய். அடுத்த சின்ன ஃபேக்டரி கோத்தகிரிக்கு அந்தப் பக்கம். போய்வர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும். எனக்கு அலுத்துவிட்டது. மழையில் நனைந்த பையையும், படிகளையும், அந்தச் சோப்பையும் சுமந்து சுமந்து அலுத்துப்போயிருந்தது.

இரண்டு பெரிய கம்பெனிகளின் பாக்கெட்டுகளை வாங்கி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். எது எத்தனை பங்கு சேர்ந்தால் பழைய தூளின் நிறமும் துவர்ப்பும் வரும் என்று மதிய வேளைகளில் கலந்து கலந்து பார்த்தேன். ஊரில் வேறு யாருக்கும் இந்தக் காரியம் கைகூடியிருக்காது. கிண்ணமும் தராசும் நாக்கும் என் வசத்தில் இருந்தன. மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தைப் எதுவும் சொல்லாமல் டேஸ்டர் முன்னால் வைத்தேன். அவர் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “மூடிப்போட்ட சோலூர் ஃபேக்டரித் தூளாட்டவே இருக்குதுங்களே” என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மளிகைக் கடையில் மிச்சமிருந்த வெறும் பழுப்புப் பைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, “இந்தத் தடவ இன்னும் நல்லா இருக்குதுங்க” என்றார். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடிற்று.

எதிர்பாராமல் அவர் கட்டுரை எழுதினார். சிறு பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கேட்டுக்கொண்டதால், தான் எதை எப்படி வாங்குகிறார், எதை ஏன் படிக்கிறார் என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். அச்சில் வந்த பிறகுதான் நான் பார்த்தேன். அதில் தேயிலைக்கு ஒரு பத்தி. சிறு விவசாயிகளின் தூளையே குடித்துவருவதாகவும், கம்பெனித் தூளை நாக்கு மறந்தே போயிற்று என்றும், ஒரு வாய் குடித்தாலே எவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும் என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அட்டைகள் வந்த அன்றும் சொல்லவில்லை. கடையில் சரக்கு இல்லையாம் என்று சொல்லி நாளைக் கடத்தினேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அண்ணி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பி நின்றார். “ஏனுங்க தம்பி, கடைக்காரரு இல்லீங்கறாருன்னா நாம ஃபேக்டரிக்கே போயிட்டு வந்தர்லாமுங்க. இத்தன பேரு கேட்டிருக்காங்க. ஆளுக்குக் கால் கிலோ பார்சல் போட்டுடலாம்.” மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கூடவே இறங்கிப் போனேன். பஸ் ஸ்டாண்டில் கேரட் மூட்டைகளை ஒரு வண்டியின் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊட்டி பஸ் வந்து நின்று, ஏறுவதற்காக அவர் கம்பியைப் பிடித்தபோது எனக்கு வாய் திறந்தது.

“ஃபேக்டரி இல்லீங்க அண்ணி. மூடி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு.”

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். “அப்ப நான் குடிக்கறது?”

“கம்பெனித் தூளுங்க. நாந்தான் கலந்து வெச்சேன்.”

பின்னால் நின்றவர்கள் எங்களை விலக்கிக்கொண்டு ஏறினார்கள். தயாராக வைத்திருந்த நியாயத்தை அவசரமாக எடுத்து விட்டேன். ஏலத்தில் போகிற சோலூர்த் தூளையும் அந்தக் கம்பெனிகள்தானே வாங்கிக் கலக்கின்றன, பாக்கெட்டுக்குள் உங்கள் அப்பா ஊர் இலைகூட இருந்திருக்கும் என்றேன். இது உண்மையும்கூட.

“எலை எங்க ஊரோடதா இருக்கலாமுங்க தம்பி. வெலை எங்க ஊரோடதா இல்லீங்களே” என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. பிறகு என் தோளிலிருந்த துணிப்பையைக் கேட்டு வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “வாங்க, வீட்டுக்குப் போலாம்” என்று முன்னால் நடந்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் பதில் எழுதினார். ஒவ்வொரு அட்டையிலும் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் ஒரே வாசகம்: விசாரிக்காமல் எழுதிவிட்டேன். அந்த ஃபேக்டரி இப்போது இல்லை. நான் குடித்தது கம்பெனித் தூள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, மன்னிக்கவும். இதெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள், விட்டுவிடலாம் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதியும் கேட்காமல் அடுத்த இதழில் அதையே அச்சிடச் செய்தார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொழுந்தன் ஏமாற்றிவிட்டான் என்று எழுதித் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதற்குப் பிறகு அவர் டீ குடிக்கவில்லை. எந்தப் பத்திரிகைக்கும் எதுவும் எழுதவில்லை. யாருக்கும் எதையும் சிபாரிசு செய்யவும் இல்லை. மூட்டுவலியோடு அத்தனை படிகளையும் இறங்கி ஏறித் தன் சாமான்களைத் தானே வாங்கிக்கொண்டார். பையைத் தாருங்கள் என்று எத்தனையோ முறை கேட்டேன். பரவாயில்லை என்பார். என் மனைவி செய்வதை எல்லாம் முகம் கோணாமல் சாப்பிட்டார். ஆனால் இது எங்கே வாங்கியது என்று என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார்.

இப்போது என் மகள் வெளியூரிலிருந்தபடியே போனில் எதையோ தட்டுகிறாள். சோப்பு முதல் புத்தகம் வரை எங்கள் வாசலில் வந்து விழுகிறது. அட்டைப்பெட்டியைப் பிரித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் தயாரித்தவர் யார் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறேன். கிராமத்துப் பெயரும் மூலிகைப் படமும் போட்ட சோப்பை ஒரு பெரிய கம்பெனி விலைக்கு வாங்கி வருடங்களாகியிருக்கிறது. சின்னப் பதிப்பகத்தின் புத்தகம் என்று சந்தோஷப்பட்டால், அதைச் சுமந்து வந்தது எந்த நிறுவனம் என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறது. தப்பித்துப் போக வழியே கிடையாது என்று சோர்ந்துபோகிறேன். அண்ணிக்கு இது அப்போதே தெரியும். தெரிந்து வாங்க வேண்டும் என்று மட்டும்தான் அவர் ஆசைப்பட்டார். அந்த ஒன்றைத்தான் நான் அவரிடமிருந்து பிடுங்கினேன்.

கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எது கேட்டாலும் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் அவரே, “ஒரு வாய் டீ குடிக்கோணுமாட்ட இருக்குதுங்க” என்றார். மறுநாள் விடிந்ததும் நான் பஸ் ஏறினேன். சோலூர்ப் பக்கம் நாலைந்து விவசாயிகள் சேர்ந்து சின்னதாக ஒரு மெஷின் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அங்கே மதியம் வரை நின்று, இலை இறங்குவதையும் அரைப்பதையும் பார்த்தேன். யார் யாருடைய இலை, கிலோவுக்கு அவர்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது, பறிக்கிற பெண்களுக்கு என்ன கூலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, ஆபீசில் போடுவதைப் போலப் பதம் பார்த்து டீ போட்டு, ஃப்ளாஸ்கில் எடுத்துக்கொண்டு போனேன்.

“இது சோலூர்த் தூளுங்க அண்ணி. நானே போயிருந்தனுங்க. எலை எறங்கறதையும் பாத்தேன், அரைக்கறதையும் பாத்தேன்” என்றேன்.

அண்ணி இரண்டு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமோ கிண்டலோ அந்த முகத்தில் இல்லை.

“சரிங்க தம்பி” என்றார்.

மேற்கொண்டு ஏதாவது கேட்பார் என்று கட்டிலருகே வெகுநேரம் நின்றேன். கேட்டுக்கொண்டு வந்த பதில்கள் எல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தன. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். இலைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று மட்டுமாவது கேட்டிருக்கலாம்.