தொட்டி வாய்க்கு ஏற்ற உடம்பு

அடுக்குமாடி வீடுகளின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதை அவ்வப்போது கழுவ வேண்டும். அதுதான் என் வேலை. பினாங்குத் தீவில் பாதி ஃபிளாட்டுகளின் மொட்டை மாடி எனக்குத் தெரியும். கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது.

வேலைக்கு இரண்டு பேர். ஒருவன் உள்ளே இறங்குவான். ஒருவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பதினாறு வருஷமாக உள்ளே இறங்கியது நான். மேலே நின்றது என் கூட்டாளி. என்னைவிட ஏழு வயது இளையவன். ஒல்லி. பேச்சு மட்டும் நிறைய.

எனக்கு உள்ளே பிடிக்கும். குளிர்ச்சியாக இருக்கும். சுவரைத் தேய்க்கலாம். அடியில் தங்கிய சேற்றை வாளியில் அள்ளி மேலே அனுப்பலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கூட்டாளிக்கு உள்ளே ஆகாது. இறங்கினால் நெஞ்சு அடைக்கும். அதனால் இந்த ஏற்பாடு இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது.

தொட்டியின் வாய் ஒன்றரை அடிச் சதுரம். அதில் ஒரு பக்கத்தை இரும்பு ஏணி பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தில்தான் ஆள் இறங்க வேண்டும்.

போன வருஷம் ஆயர் ஈத்தாமில் ஒரு தொட்டியில் நான் மாட்டிக்கொண்டேன். கால் உள்ளே. வயிறு வெளியே. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

"அண்ணே, மூச்ச விடுங்க."

"விட்டுட்டேன்."

"இன்னும் விடுங்க."

"இனிமே இல்ல."

கூட்டாளி சுற்றிச் சுற்றி வந்தான்.

"சோப்புத் தண்ணி ஊத்தவா?"

"குடிக்கிற தண்ணித் தொட்டி. ஊத்தாத."

அக்குளில் கை கொடுத்து இழுத்தான். சட்டைப் பித்தான் மூன்று உள்ளே விழுந்தது. நான் வெளியே விழுந்தேன். அன்றைக்கு அவன்தான் இறங்கினான். உள்ளே நின்று சத்தமாக எண்ணிக்கொண்டே தேய்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நானூறு வரை எனக்குக் கேட்டது. ஏறி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. பித்தான்களை என் கையில் வைத்தான்.

எங்கள் முதலாளி சீனர். என்னிடம் மலாயில் பேசுவார். மறுநாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். மூன்று மாதத்தில் கெலுகோரில் பெரிய வேலை இருக்கிறது, எட்டுத் தொட்டி என்றார். "போலே?" என்று கேட்டார். முடியுமா என்று அர்த்தம்.

"போலே" என்றேன்.

முடியாவிட்டால் நீ லாரி ஓட்டு, உள்ளே இறங்க வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நிஜமாகவே செய்வார் என்று தெரிந்தது. நான் லாரி ஓட்டலாம். அதில் ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் லாரியில் எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள்.

கூட்டாளிதான் வழி சொன்னான். அவன் எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்ப்பான்.

"சோத்த நிறுத்துங்கண்ணே. அவ்வளவுதான் லா. மாவுச் சத்த வெட்டிட்டா வயிறு தானா இறங்கிடும்."

அவன் சொன்னதில் சோறு என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "இனிமே எனக்கு சோறு வேணாம்."

"ஏன், குழம்பு சரியில்லையா?"

"குழம்பு நல்லாருக்கு. விரதம் மாதிரி வெச்சுக்கோ."

விரதம் என்று சொன்னதுதான் தப்பு. எங்கள் வீட்டில் விரத நாளில் சோறு பொங்க மாட்டோம். பலகாரம்தான். அந்தக் கணக்கு என் மனைவிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் மாவு அரைத்தாள். காலையில் இட்லி. மதியத்துக்குத் தோசை கட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் இடியப்பம், இல்லாவிட்டால் புட்டு. விரதம் இருக்கிற மனுஷன் பாவம் என்று இரண்டு சேர்த்தே வைத்தாள்.

வெளியே வேலை என்றால் சேமியா மாதிரி மெல்லிசாக இருக்கும் மீஹூன் வாங்கிச் சாப்பிட்டேன். அது மீஹூன், சோறு இல்லை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய். அது ரொட்டி. இனிப்புப் பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக் டீ ஒரு நாளைக்கு நாலு. அது தண்ணி, சாப்பாட்டிலேயே சேராது.

ஒரு மாதம் ஒரு பருக்கை தொடவில்லை. மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை கோவிலில் அன்னதானம் போட்டார்கள். சோறு வேண்டாம் என்றேன். பரிமாறியவர் இரக்கப்பட்டு, "அப்ப இதையாவது சாப்புடுங்க" என்று கேசரியை மூன்று கரண்டி வைத்தார். சாப்பிட்டேன்.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இல்லை. பழைய பலகையை அறுத்து, ஏணி போக மிச்சம் இருக்கும் தொட்டி வாயின் அளவுக்கு ஒரு சட்டம் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் தலை வழியாக மாட்டி இறக்கிப் பார்ப்பேன். நெஞ்சைத் தாண்டும். வயிற்றில் நிற்கும். ஒரு மாதம் கழித்தும் அதே இடத்தில் நின்றது. பார்க்கப் போனால் ஒரு விரல் மேலே.

"சட்டம் சுருங்கிருக்கும்" என்றாள் மனைவி. நல்ல மனசு.

அந்த வாரம் அரசாங்க கிளினிக்கில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். அங்கே இருந்த மிஸ்ஸி, தமிழ்ப் பெண். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். எடை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ரெண்டு கிலோ ஏறிருக்கு."

"சோறு நிறுத்திட்டேன் மிஸ்ஸி. ஒரு மாசம் ஆச்சு."

"அப்ப என்னதான் சாப்புடுறீங்க?"

"இட்லி. தோசை. இடியப்பம்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இட்லி எதுல செய்றாங்கண்ணே?"

"மாவுல."

"அந்த மாவு எதுல?"

"அரிசில." சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

"இடியப்பம்?"

"போதும் மிஸ்ஸி."

"வெளிய என்ன சாப்புடுவீங்க?"

"மீஹூன். அது சீனக் கடையில வாங்குறது."

"எந்தக் கடையில வாங்குனாலும் அதுவும் அரிசிதான் லா!"

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தே தாரேக்கைப் பற்றி நானே சொன்னேன். ஒளித்து வைப்பதில் அர்த்தம் இல்லை. நாலு என்றதும் மிஸ்ஸி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

மாத்திரை உறையின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். பெரும்பகுதி காய், கீரை. மிச்சத்தில் மீன், கோழி, முட்டை, தவ்ஹு என்கிற சோயாக் கட்டி. அரிசி, கோதுமை, சீனி மூன்றையும் எந்த வேஷத்தில் வந்தாலும் விடாதீர்கள் என்றார்.

"மாத்திர சாப்புடுறீங்க. அதனால பட்டினி மட்டும் கெடக்காதீங்க. ரெண்டு வாரத்துல வந்து காட்டிட்டுப் போங்க. தல சுத்துனா உடனே வாங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஒரு மாசமா நான் உங்களுக்கு சோறுதான் போட்டேனா?"

"ஆமா. அரைச்சுப் போட்ட."

"நீங்கதானே விரதம்னு சொன்னீங்க!"

"நான்தான் சொன்னேன்."

"அத முழுசா கேட்டுட்டு வந்து சொல்றதுக்கு என்ன? வாய் தேஞ்சு போயிடுமா?"

அவள் மாவு டப்பாவை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். கொடுத்துவிட்டு வரும்போது முகம் சரியில்லை. நல்ல புளித்த மாவு.

அதற்குப் பிறகு காலையில் இரண்டு முட்டை. மதியத்துக்குப் பொரித்த மீனும் கோவாப் பிரட்டலும், கோவா என்றால் முட்டைக்கோஸ். ராத்திரிக்குக் கங்கோங் கீரை, கோழி சூப். சீனியும் பாலும் இல்லாத கறுப்புக் கோப்பி. முதல் வாரம் தலை வலித்தது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. நான் பேசுகிறவன் இல்லை என்பதால் வெளியே தெரியாது என்று நினைத்தேன். கூட்டாளிக்குத் தெரிந்துவிட்டது.

"கோவமாண்ணே?"

"இல்ல."

"நேத்து மூணு வார்த்த பேசுனீங்க. இன்னைக்கு இதான் மொதோ வார்த்த."

கஷ்டம் வீட்டில் இல்லை, கடையில்தான். சோற்றின் மேல் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்று, மீனும் வெண்டைக்காயும் மட்டும் கேட்டேன். பரிமாறுகிறவர் தட்டில் சோற்றை அள்ளிவிட்டார்.

"சோறு வேணாம்."

"பாதி?"

"வேணாம்."

"கொஞ்சூண்டு?"

"வேணாம்."

"அப்ப கொழம்ப எங்கண்ணே ஊத்துறது?"

எனக்கும் தெரியவில்லை. பின்னால் இருபது பேர் நின்றார்கள். கடைசியில் அவர் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து நான் வாசலில் வரும்போதே, "கிண்ணம் வந்தாச்சு!" என்று உள்ளே சத்தம் கொடுப்பார். பதினாறு வருஷமாக அங்கே சாப்பிடுகிறேன். பட்டப் பெயர் கிடைத்தது இப்போதுதான்.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. மிஸ்ஸியிடம் கேட்டுக்கொண்டு லிஃப்டை விட்டேன். முதல் நாள் மூன்றாவது மாடியில் உட்கார்ந்தேன். ஒரு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். இரண்டாவது வாரம் ஆறாவது மாடி. நாலாவது வாரம் வீடு வரை நிற்காமல் ஏறினேன். அந்த அம்மா, நீங்கள் இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்க வருவதில்லையே என்று குறைப்பட்டார்.

சட்டத்தை விடவில்லை. மூன்றாவது ஞாயிறு தொப்புள் வரை இறங்கியது. ஐந்தாவது ஞாயிறு மூச்சைப் பிடித்தால் இறங்கியது. மனைவி ஒரு பக்கம் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. எட்டாவது ஞாயிறு நான் மாட்டினேன், அது நேராகக் காலடியில் போய் விழுந்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஒடஞ்சுச்சு?"

"ஒண்ணும் ஒடயல."

கெலுகோர் வேலைக்கு முதலாளியே மொட்டை மாடிக்கு வந்துவிட்டார். கூட்டாளி முதல் தொட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே காற்றை ஓடவிட்டுக் காத்திருந்தோம். அவன் என்னைப் பார்த்தான். துளையைப் பார்த்தான்.

"பயமா இருக்குண்ணே."

"எனக்கு இல்ல."

"எனக்குத்தான். நீங்க மாட்டிக்கிட்டா நான்ல எறங்கணும்."

இடுப்பில் கயிற்றைக் கட்டினான். இரண்டு தடவை முடிச்சை இழுத்துப் பார்த்தான். நான் காலை உள்ளே விட்டேன். ஏணியின் முதல் படி. இரண்டாவது படி. இடுப்பு இறங்கியது. அடுத்தது வயிறு. சட்டம் பலகை, இது சிமெண்டு. பலகை கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். கூட்டாளி மூச்சு விடவில்லை. நான் விட்டேன். சட்டை உரசியது, வயிறு போய்விட்டது. ஒரு கையை மேலே தூக்கி, ஒரு தோளைச் சாய்த்து, தலையும் உள்ளே வந்தது. கால் தரையில் பட்டது.

மேலே சதுரமாக வெளிச்சம். அதில் முதலாளியின் தலை தெரிந்தது. என்னைப் பார்த்தார். பிறகு தலை போய்விட்டது. லிஃப்டுக்கு நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

தேய்க்க ஆரம்பித்தேன். மூன்று தொட்டி மதியத்துக்குள் முடிந்தது. நாலாவதில் சேறு அதிகம். நான் அள்ள அள்ள, கூட்டாளி வாளியை மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, முன்னெல்லாம் பாதி வாளிதான் வரும். இப்ப நெறைய நெறைய வருது."

"மூச்சு வாங்கல. கை ஓடுது."

"என் முதுகு போகுதுண்ணே. கொஞ்சம் கொறச்சுப் போடுங்க லா."

"கஷ்டமா இருந்தா நீ எறங்கு. நான் இழுக்கிறேன்."

காலி வாளி மளமளவென்று கீழே இறங்கி வந்தது.

"வேணாம் வேணாம். அனுப்புங்க."

அடுத்த வாளியை விளிம்பு வரை நிரப்பினேன். கயிற்றை ஆட்டினேன்.