திரைக்குப் பக்கத்தில் ஒரு கை

சென்ற வாரம் ஒரு மாலை, கொழும்பில் வேலை செய்யும் என் கணவர் வீடியோ அழைப்பில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதக் குழந்தை. போனைப் பிடுங்கி வாயில் வைக்கப் போனாள். வழக்கமாக அதற்குச் சிரிப்பவர் அன்று சிரிக்கவில்லை. "பாப்பா ஏன் மஞ்சளா இருக்கு? நீ பாக்கலையா?" என்றார். அவளை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தேன். பகல் முழுவதும் அவளை மடியில் வைத்திருந்தவள் நான். என் கண்ணுக்கு எப்போதும்போலத்தான் இருந்தாள். ஆனால் தினமும் பார்ப்பவர்களுக்குத்தான் மாற்றம் தெரியாமல் போகும் என்று எங்கோ படித்திருந்தேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் தலவாக்கலைக்கு ஓடினேன். கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ் குழந்தையின் கண்ணையும் உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ள நல்லா இருக்கா. நீங்கதான் வெளிறிப்போயிருக்கீங்க" என்றார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கண் கூசாமல் இருக்கத் தன் போனின் திரையை மஞ்சளாக்கி வைத்திருக்கிறார் இவர். வைத்ததையே மறந்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. திரை காட்டும் நிறத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றவள் நான்.

திரும்பி வரும்போது மழை. பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெண்ணின் நனைந்த சுவெட்டரிலிருந்து கம்பளி வாசம் வந்தது. அந்த வாசத்துக்கு எனக்கு ஒரே ஓர் ஆள்தான்: மெர்சி. அவளுடைய சிவப்புச் சுவெட்டர் மழைக்காலம் முழுவதும் காய்ந்ததே இல்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்க வேண்டாமென்று தலவாக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்து லய வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். அங்கே எனக்கு முன்பே கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தவள் மெர்சி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், ஆனாலும் வாடி போடிதான். நாங்கள் இருவரும் உட்காரும் பின்னறையின் சுவர் பச்சை. கோயில் திருப்பணியில் மிஞ்சிய பெயின்டை வீணாக்காமல் முதலாளி அடித்துவிட்டார். ஜன்னலைத் திறந்தால் அந்தப் பக்கமும் பச்சை, ரயில் பாதைக்கு மேலே தேயிலை மலை. இந்த இரண்டு பச்சைக்கும் நடுவில் எங்கள் மானிட்டர், வெளிச்சம் முழுதும் கூட்டி வைக்கப்பட்டு, நீலம் பூத்து எரிந்துகொண்டிருக்கும். நல்ல மானிட்டர் என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த முகமானாலும் வெள்ளை ஏற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டும் படம், பெரிய மனுஷியான பிள்ளையின் படம், இறந்தவர்களுக்கு மாலை போட்டு மாட்டும் படம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. முதலாளி எங்களிடம் கேட்பது ஒரு கேள்விதான்: "ஏத்திட்டியா?" அதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை. வெள்ளை போதாதென்று திருப்பிக் கொண்டுவந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறோம்.

பாக்கியம் அக்கா வரும்வரை.

பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஒரே மகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள், காய்ச்சலில் போய்விட்டாள். வருடம் திரும்புகிறது, படம் வைத்துப் படைக்க வேண்டும். இருந்தது பள்ளிக்கூட விழாவில் வரிசையாக நின்று எடுத்த ஒரே படம். அதிலிருந்து அந்தப் பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்து, பெரிதாக்கி, வழக்கம்போல வெள்ளை ஏற்றி, கண்டியில் பிரின்ட் போட்டு வரவழைத்தோம். அக்கா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து மேசையில் வைத்தார்.

"இது எம் புள்ள இல்லீங்க."

"நீங்க குடுத்த படத்துல இருந்துதானே எடுத்தோம்" என்றார் முதலாளி.

"மூஞ்சி அவதான். ஆனா தொர வீட்டுப் புள்ள மாதிரி இருக்கா. அவ என் நெறங்க."

"கொஞ்சம் வெள்ளையா இருந்தா நல்லதுதானக்கா. எல்லாரும் அததான் கேக்குறாங்க."

அக்கா படத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, சண்டைக்கு வந்தவர் போலில்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல கறுப்பி கறுப்பினு கூப்புடுவாங்க. அழுதுகிட்டு வருவா. என் நெறந்தானடி உனக்கும், அதுல என்னாங்குறேனு சொல்லுவேன். இப்ப நான் வெள்ளையா மாட்டி வச்சா, நானும் அவங்களோட சேந்துகிட்ட மாதிரி ஆயிராதா?"

முதலாளி தலையைச் சொறிந்தார். இன்னொரு தரம் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

ஏற்றிய வெள்ளையை மெர்சி எடுத்துவிட்டாள். திரையில் பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். கண்டியிலிருந்து வந்த படத்தில் முகம் இருண்டு, பச்சை ஓடி, சாம்பல் பூசியதுபோல் இருந்தது. அதை அக்காவிடம் காட்டவே எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் திரைதான் பொய் சொல்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. படையல் நெருங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தரம்தான் பிரின்டுக்கு அனுப்பி வாங்க முடியும்.

கண்டி பிரின்ட் கடைக்காரர்கள் எப்போதோ அனுப்பிய ஓர் உறை மேசை லாச்சியில் கிடந்தது. உள்ளே ஒரு படமும் அதே படம் அடங்கிய டிஸ்க்கும். படத்தில் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண், பழத்தட்டு, நிறக் கட்டங்கள், கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல் கட்டங்கள். அந்தப் பெண்ணுக்கு மெர்சி உடனே துரைசாணி என்று பெயர் வைத்துவிட்டாள். கையிலிருக்கும் துரைசாணியும் திரையிலிருக்கும் துரைசாணியும் ஒன்றுபோல் தெரியும்வரை மானிட்டரைச் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான். சொல்வதற்குச் சுலபம்.

முதலில் மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் சூடாகவிட்டோம். ஜன்னலை மூடினோம். பச்சைச் சுவரை வெள்ளைப் படுக்கை விரிப்பால் மறைத்தோம். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, அதுவரை ஒரே கறுப்பாகத் தெரிந்த கடைசிக் கட்டங்கள் தனித்தனியாகப் பிரிந்தன. நீலத்தைக் குறைத்தோம். அப்படியும் சாம்பல் கட்டங்களில் ஓரமாக ஒரு சிவப்பு. எவ்வளவு திருகியும் போகவில்லை. கடைசியில் பார்த்தால், அது மெர்சியின் சுவெட்டர். திரைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணாடியில் சிவப்பை விழுத்திக்கொண்டிருந்தாள்.

"கழட்டுடி" என்றேன்.

"இந்தக் குளிர்லயா? நான் செத்தா என் படத்துக்கும் இவ்வளவு பாடுபடுவியா?"

"உனக்கு நல்லா வெள்ளை ஏத்தி வைக்கிறேன்."

சிரித்தோம். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. முன்னறை பெஞ்சில் படம் என்னவாயிற்று என்று கேட்க வந்த பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாக இரண்டு துரைசாணிகளும் ஒன்றானார்கள். பிள்ளையின் படத்தைத் திறந்தோம். இப்போது திரை பொய் சொல்லவில்லை. ஆனால் எது உண்மை என்பது எங்களுக்குத் தெரியவில்லை. விழா மேடையின் மஞ்சள் பல்பில் எடுத்த படம் அது. துரைசாணி படத்தில் எங்களைப் போன்ற ஒரு முகமும் இல்லை. அந்தப் பிள்ளையை நாங்கள் பார்த்ததும் இல்லை. மெர்சி எழுந்துபோய் அக்காவைக் கூட்டிவந்தாள். "அக்கா, புள்ள அப்படியே உங்க நெறமா? இல்ல அவங்கப்பாவும் கலந்தா?"

"அச்சு நான்தான்" என்று கையை நீட்டிய அக்கா, விரல்களைச் சட்டென்று மடக்கிக்கொண்டார். "வெரலைப் பாக்காதீங்க, கொழுந்துக் கறை. மேல வெயில் பட்டது." சுவெட்டரின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கையின் உட்பக்கத்தைத் திருப்பித் திரையோரம் வைத்தார். "இந்தா, இது அவ."

அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். மஞ்சள் போனது. பச்சை போனது. ஓர் இடத்தில் அக்கா, "இன்னுங் கொஞ்சம் செவப்பு. மூஞ்சி கழுவிட்டு வந்தா அப்படித்தான் இருப்பா" என்றார். ஒரு புள்ளி கூட்டினேன். அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார். கையைத் திரையோரத்திலிருந்து எடுக்கவே இல்லை. மெர்சி அந்தக் கையைக் கீழே இருந்து தாங்கிக்கொண்டாள்.

கண்டியிலிருந்து படம் வரும்வரை, விரிப்பு சுவரை முழுதும் மறைத்ததா, அந்த ஒரு புள்ளி கூடிப்போனதா என்று மெர்சியைத் துளைத்தெடுத்தேன். படம் வந்ததும் அக்கா அதை வாசலுக்குக் கொண்டுபோய், சுவெட்டர் கையைச் சுருட்டி, தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம். பிறகு படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"மாலை சின்னதா வாங்கணும்" என்றார். "மூஞ்சிய மறைச்சிரக் கூடாது."

அன்று அக்கா போகுமுன் மெர்சி அவரிடம் கேட்டு, அந்தக் கையைச் சாம்பல் கட்டங்களோடு சேர்த்து ஒரு படம் எடுத்தாள். அதன் பிரின்டை மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்தோம். துரைசாணி லாச்சிக்குத் திரும்பிப் போனாள். முதலாளி எப்போதும்போல "ஏத்திட்டியா?" என்று கேட்பார். "ஏத்தியாச்சு" என்போம். ஏற்றியது பாதிகூட இருக்காது. யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் நினைவில் நிற்குமளவுக்கு இல்லை.

கிளினிக்கிலிருந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில்தான் அந்த ஸ்டூடியோ. இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள். பின்னறை வரை கண்ணாடி பதித்துவிட்டார்கள். பச்சைச் சுவர் இல்லை. மெர்சி கல்யாணமாகி நானுஓயாப் பக்கம் போனவள், பிறகு குவைத்தில் என்று கேள்வி. அக்காவின் கைப் படம் எந்தக் குப்பையோடு போனதோ, கேட்கக்கூட ஆளில்லை.

அந்தப் பஸ் பயணத்துக்குப் பிறகு, மகளைப் படம் எடுக்கும்போதெல்லாம் சுவெட்டரைச் சுருட்டி, என் கையின் உட்பக்கமும் ஓரத்தில் விழும்படி வைக்கிறேன். நாளைக்கு அவள், தான் என்ன நிறமாக இருந்தாள் என்று கேட்டால் காட்ட வேண்டுமே. ஆனால் இந்த போன், யாரும் கேட்காமலே, எங்கள் இருவருக்கும் வெள்ளை ஏற்றிவிடுகிறது. அதை எங்கே நிறுத்துவது என்று தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. படத்தில் என் கையும் அவள் கன்னமும் ஒரே நிறமாகத்தான் இருக்கின்றன. இரண்டும் நாங்கள் இல்லை.