இறால் தட்டும் என் வயித்துக் கட்டியும்

இறால் கம்பெனியில ஐஸுக்குள்ள கை வச்சு வச்சு விரல் மரத்துப் போகும். வாய் மட்டும் ஒருத்திக்கும் மரக்காது. மாசா மாசம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்காருற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்காகத்தான் கூச்சத்தை விட்டு இதை எழுதுறேன்.

லீவு

சினைப்பையில ரெண்டு பக்கமும் கட்டி, உள்ள சாக்லேட் நிறத்துல பழைய ரத்தம், வயித்துல துளை போட்டு எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. சூப்பர்வைசர் அண்ணாச்சிகிட்ட இதை எப்படிச் சொல்ல? "பல்லு பிடுங்கணும், ரெண்டு வாரம் லீவு வேணும்"னேன். அவரு என் வாயையே பாத்தாரு.

"ஏம்மா, மொத்தப் பல்லையுமா பிடுங்குதாவ?"

ஆரஞ்சு

ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சா, வயித்தைவிடத் தோள்தான் வலிக்குது. ஆபரேஷனுக்காக வயித்துக்குள்ள ஊதின வாயுவாம், தானா போயிருமாம். பக்கத்துல நின்னு இறால் உரிக்கிற மேரி பாக்க வந்தா. போர்வையை விலக்கி, சின்னச் சின்னதா மூணு பிளாஸ்திரியைப் பாத்ததும் அவ முகமே விழுந்துட்டு.

"இதுக்கா நான் ரெண்டு பஸ் மாறி ஆரஞ்சு வாங்கிட்டு வந்தேன்?"

நரம்பு

உரிச்ச தட்டை எல்லாம் பாக்கியம் அக்காதான் செக் பண்ணுவாவ. இறால் முதுகுல கருப்பு நரம்பு நூலளவு ஒட்டியிருந்தாலும் தட்டு திரும்பி வந்துரும். வேலைக்குப் போன அன்னிக்கு அவங்க காதுல மட்டும் சொன்னேன். ரெண்டு பக்கமும் இருந்ததால கட்டி திரும்ப வரலாமாம். பிள்ளைக்குப் பாக்குற வரை மாத்திரையை விடக்கூடாதாம். கட்டியை எடுத்ததுல கருமுட்டையும் கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம், அதனால பிள்ளையை ரொம்பத் தள்ளிப் போடாதேன்னு டாக்டரம்மா சொன்னாவ. என் மகளோ தம்பிப் பாப்பா எங்கன்னு தினமும் கேக்கா.

அக்கா ஷெட்டே அதிரக் கத்துனாவ: "ஏளா, இவ வயித்துல நரம்பு சுத்தமா உருவியிருக்கான்னு ஸ்கேன் வரட்டும், நான்தான் பாப்பேன்!" எல்லாரும் சிரிக்க, பின்னால நின்ன அண்ணாச்சி மட்டும் சிரிக்கல.

"அப்ப அந்தப் பல்லு?"

செக்கிங்

ஸ்கேன் அன்னிக்கு டாக்டரம்மா திரையையே பாத்துக்கிட்டு இருந்தாவ. கடைசியில, "கட்டி ஒண்ணுமில்லம்மா. இனி பிள்ளைக்குப் பாக்கலாம்"னாவ. துள்ளிக்கிட்டு நேரா கம்பெனிக்கு ஓடினேன்.

பாக்கியம் அக்கா படத்தைப் பிடுங்கி, டியூப்லைட்டுக்கு நேரா தலைகீழாப் பிடிச்சு, ஒத்தக் கண்ணை மூடி மேலயும் கீழயும் பாத்தாவ. ஷெட்டே உரிக்கிறதை நிறுத்திட்டு நின்னுச்சு.

"தட்டு பாஸ்! ஏளா, அடுத்த தட்டைச் சீக்கிரம் கொண்டா!"

இறால் ஒரு தடவை பாஸானா நிம்மதியா ஐஸ் பெட்டிக்குப் போயிரும். நம்ம வயிறுதான் டாக்டரம்மா கூப்பிடுறப்பல்லாம் போய்ப் பரீட்சை எழுதணும்.