குழந்தை தோளைவிட்டு இறங்காத மதியம்

மிஷின்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். எந்த வீட்டில் வாஷிங் மெஷின் மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் போகும். வந்தவுடன் திருப்புளியைத் தொடமாட்டார். மிஷினை ஓடவிட்டு, மூடிமேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தண்ணீர் நிரம்பும், டிரம் மெல்லப் புரளும், உள்ளே எங்கோ ஒரு பெல்ட் முனகும். மனிதர் அந்தச் சத்தத்திலேயே மிதந்து வேறெங்கோ போயிருப்பார். வீட்டுக்காரர்கள் இருமித்தான் திரும்ப அழைத்துவர வேண்டும்.

அந்தச் சத்தங்களை போனில் பிடித்துவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி என்னவோ செய்வார். பாட்டு என்று சொல்ல முடியாது, பாட்டு இல்லை என்றும் சொல்ல முடியாது. அதை ஒரு ஜீவனாவது காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சின்ன ஆசைதான், ஆனால் ஆளை அரித்தது. போட்டுக் காட்டினால் மனைவி, "நாள் பூரா இதே சத்தம். வீட்டுக்கும் கூட்டிட்டு வரணுமாங்க?" என்பாள். மகளோ கல்யாணத்துக்கு முன்பிருந்தே, "அப்பா, எனக்கு வேலை இருக்கு" என்று நழுவிவிடுவாள்.

இணையத்தில் ஏற்றிப் பார்த்தார். இது என்ன வகை என்று அந்தத் தளம் கேட்டது. பொய் சொல்லத் தெரியாத மனிதர், 'வாஷிங் மெஷின்' என்றே குறிச்சொல் கொடுத்தார். ஆட்கள் வரத்தான் வந்தார்கள். "அடியில தண்ணி ஒழுகுதுங்க, என்ன பண்றது?" என்று கேட்டார்கள். அவரும் பொறுமையாக ஒவ்வொருவருக்கும் வழி சொன்னார். 'இசை' என்று மாற்றினார். கடலில் கரைத்த பெருங்காயமாய்ப் போனது.

பிறகுதான் இன்னொரு தளம் கண்ணில் பட்டது. அங்கே என்ன வகை, யார் செய்தது என்று ஒன்றுமே கேட்கவில்லை. 'இது எந்த நேரத்துக்கு?' என்று ஒரே கேள்வி. தேட வருகிறவர்களும் தங்கள் நேரத்தை எழுதித்தான் தேட வேண்டும். 'பஸ்ஸைத் தவறவிட்டபின்.' 'கோபம் பாதி இறங்கியதும்.' 'தலை காயும்வரை.' அவற்றை வாசிக்க வாசிக்க, முன்பின் தெரியாதவர்களின் வீடுகளுக்குள் வெறுங்காலுடன் நடப்பது போல் இருந்தது அவருக்கு.

தன்னுடையது எந்த நேரத்துக்கு? யோசித்ததில் டீ ஆறிப்போனது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பின்பக்கத்துப் பழைய மிஷின் ஓடினால்தான் தூங்குவாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்ற மதியங்கள் நினைவுக்கு வந்தன. அந்த மிஷினை அவர் இன்னும் சாகவிடவில்லை. அதன் சத்தத்தில் செய்ததை ஏற்றி, 'குழந்தை தோளைவிட்டு இறங்காத மதியம்' என்று எழுதினார்.

வாரங்கள் போயின. ஒருவரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு நாள் வேறு ஊரிலிருந்து மகள் கூப்பிட்டாள். அவளுக்கு இப்போது ஒரு கைக்குழந்தை. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசினார்.

"அப்பா, பாப்பா கொஞ்ச நாளா பகல்ல தூங்கறதே இல்ல. தோளை விட்டு இறங்க மாட்டேங்குதுன்னு ஒரு தளத்துல அப்படியே எழுதித் தேடினேன். ஏதோ ஒரு சத்தம் வந்துச்சு. போட்டதும் தூங்கிட்டா. உங்களுக்குப் பிடிக்குமேன்னு அனுப்பியிருக்கேன், கேளுங்க."

அவர் போட்டுக் கேட்டார். பின்பக்கத்துப் பழைய மிஷினின் பெல்ட் முனகியது.

"யாரு செஞ்சதாம்?" என்றார்.

"பேரு போடலப்பா. ஆனா என்னமோ தெரியல, பாப்பாவுக்கு முன்னாடி எனக்குத் தூக்கம் வந்துடுச்சு."

சொல்லிவிடலாம்தான். சொன்னால் அது அப்பாவின் சத்தம் ஆகிவிடும். இப்போது அது அவளுடையதாக இருக்கிறது. சந்தோஷத்தை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா. இன்னும் வரும், தேடிப் பாரு."

போனை வைத்ததும் பின்பக்கம் போய்ப் பழைய மிஷினை வெறுமனே ஓடவிட்டு, சத்தத்தைப் பிடிக்கப் பக்கத்தில் போனை வைத்தார். அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒரு போர்வையோடு வந்தாள்.

"காலியா ஓடினா கடகடங்கும். பாப்பா முழிச்சுக்குவா."

மிஷினை நிறுத்தி, போர்வையை உள்ளே போட்டு, சத்தமில்லாமல் மூடியைச் சாத்தி மறுபடி ஓடவிட்டாள். பிறகு அவளும் அங்கேயே நின்றாள்.