முதலில் செய்ய வேண்டியது

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களுக்கு ஆவணம் தயார் செய்து கொடுக்கிற கம்பெனி அது. அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது சீதாலக்ஷ்மியின் வேலை. திரை உறைந்தாலும் பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் சீதா அக்கா என்பதற்கு மலையாளத்தில் "சீதேச்சீ" என்று ஒரு குரல் வரும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைவாள். எதையாவது பிடுங்கி, எதையாவது சொருகி, தலையெல்லாம் தூசியோடு வெளியே வருவாள். காரியம் முடிந்திருக்கும். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கிற வழக்கம் அவளுக்கில்லை. கேட்டுக்கொண்டு நிற்பவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடவுளுக்கும் குசும்பு உண்டு. இவளுக்கு வாய்த்த புருஷன் சுப்பு ஓர் அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா. சேர்ந்த நாள் முதல் ஒரு முடிவையும் தானாக எடுக்காமலே சம்பளம் வாங்கி வருகிற மகானுபாவர். ஸ்ரீவராகம் பகுதியில் இருந்த வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால், "ஓனர்கிட்ட ஒரு வார்த்தை போட்டுட்டுச் செய்யலாமே" என்பார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் சீதா வாஷரை மாற்றியிருப்பாள்.

கம்பெனிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வருவதாக இருந்தது. தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிய ஆள் பொறுப்பில் இருந்தால்தான் வேலை தருவோம் என்று அந்தத் தரப்பில் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் வினீத் கரமனைக்காரன், பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் பேசுகிறவன். அவன் அவளை அழைத்து, "சேச்சி பாஸாயா அந்தப் போஸ்ட் சேச்சிக்குத்தான். இல்லேங்கில் வெளியிலேந்து ஆள் எடுக்கணும். வேறே வழியில்லா" என்றான். வெளியாள் வந்தால் அந்த அறையில் இரண்டு நாற்காலிக்கு இடமில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

பரீட்சையை இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் போயிற்று.

பாடம் தெரியாமல் அல்ல. அந்தப் பரீட்சை தொழிலைக் கேட்காமல் குணத்தைக் கேட்டது. ஏதோ ஒரு விபரீதத்தைச் சொல்லி, "முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்கும். சீதாவின் விரல் நேரே காரியத்தில் இறங்குகிற விடைக்குப் போகும். அதுதான் தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே, புத்தகத்தைச் சுப்புவின் மடியில் போட்டாள். "ஏன்னா, சும்மா உக்காந்திருக்கறதுக்கு இதைப் படிச்சுக் கேள்வி கேளுங்கோளேன்."

சுப்பு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஒரு சர்வர்ல சந்தேகப்படும்படியா என்னமோ நடக்கறது. பாதுகாப்பு அதிகாரி முதல்ல என்ன பண்ணணும்?"

"கேபிளைப் பிடுங்கணும்."

"தப்பு. மேலிடத்துக்குத் தெரிவிச்சு, அனுமதிச்ச திட்டப்படி நடக்கணுமாம். நானும் அதைத்தான் நெனச்சேன்."

"சர்வர்னா என்னன்னு தெரியுமோ உங்களுக்கு?"

"அது எதுக்குத் தெரியணும்? மேலே எழுதிப் போடாம எவனாவது கையை வைப்பானோ? நாளைக்கு யாருடி பதில் சொல்றது?"

அடுத்தடுத்து அவரே விடை சொல்லத் தொடங்கினார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சீதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து எந்தக் குணத்தைக் கண்டு பல்லைக் கடித்தாளோ, அதற்குத்தான் இந்தப் புத்தகம் முழு மதிப்பெண் போடுகிறது.

வேறு வழியில்லாமல் சுப்புவாக மாறப் பழகினாள். ஒவ்வொரு கேள்விக்கும் 'இவர் என்ன செய்வார்?' என்று யோசித்துவிட்டே விரலை நகர்த்தினாள். மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறியது. ஆபத்து வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனிக்கு ஒரு திட்டம் எழுதித் தரும்படி வினீத் கேட்டிருந்தான். பரீட்சை முடியட்டும் என்று அதை ஒத்திப் போட்டாள்.

மூன்றாவது பரீட்சை சனிக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை மத்தியானம், ஆவணப் பிரிவின் ஒரு கம்ப்யூட்டரில் கோப்புகளின் பெயர்கள் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. பார்த்ததுமே புரிந்துவிட்டது. எங்கிருந்தோ ஒருவன் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருகிறான். மேஜைக்கு அடியில் நுழைந்து, மற்ற கம்ப்யூட்டர்களோடு அதை இணைக்கிற கேபிளைப் பிடித்தும்விட்டாள்.

பிடித்த கை அப்படியே நின்றது. முதலில் என்ன செய்வாய்?

வினீத்தைக் கூப்பிட்டாள். அவன் அந்த வெளிநாட்டுக்காரர்களோடுதான் விழிஞ்ஞத்தில் பேசிக்கொண்டிருந்தான், எடுக்கவில்லை. மெயில் போட்டாள், மெசேஜ் போட்டாள், திரும்பவும் கூப்பிட்டாள். ஒரு கையில் போன், ஒரு கையில் கேபிள், மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். சீதேச்சி பார்த்துக்கொள்வாள் என்று மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

வினீத் திரும்ப அழைத்தபோது பொது சர்வரும் போயிருந்தது, அதன் நகலும் போயிருந்தது.

"அந்தக் கேபிளை ஒண்ணு பிடுங்கி விட்டிருந்தா போதுமாயிருந்ததே, சேச்சி! எப்பவும் செய்யறதுதானே?"

"அனுமதி இல்லாம எப்படின்னு..."

"அனுமதியோ? அதுக்குத்தானே அந்தத் திட்டம் எழுதித் தாங்கோன்னு நான் எத்ர தடவை கேட்டேன்?"

சீதா கேபிளை விட்டுவிட்டாள். அவன் கேட்டது உண்மைதான்.

சனிக்கிழமை பரீட்சைக்குப் போனாள். பாதி தூரம் தாண்டியதும் அதே கேள்வி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது. கேபிளைப் பிடுங்குகிற விடையும் இருந்தது, மேலிடத்துக்குத் தெரிவிக்கிற விடையும் இருந்தது. சுப்புவின் விடையையே அழுத்தினாள். வெளியே வந்ததும் வாசல் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். பாஸ்.

சுப்பு ஜாங்கிரி வாங்கி வந்தார். "பாஸாயாச்சோல்லியோ, இனிமே அவா உன்னை என்ன பண்ண முடியும்?" என்றார். ஞாயிறு முழுவதும் சீதாவும் அதை நம்பினாள். முட்டாள்தனம் என்று தெரிந்தேதான் நம்பினாள். வினீத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது.

திங்கட்கிழமை அவளுடைய நாற்காலியில் ஆதர்ஷ் உட்கார்ந்திருந்தான். கொச்சியிலிருந்து வந்தவன், அதே சான்றிதழ் அவனிடமும் இருந்தது. மரியாதையாக எழுந்து நின்றான். நடந்ததற்குப் பிறகு அவள் இருந்தால் வாடிக்கையாளர் வரமாட்டாராம். வினீத் அதை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டுப் பையை எடுத்தாள். பரீட்சைத் தாள் அதற்குள் மடித்தபடி இருந்தது.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரே வரிதான்: சந்தேகம் வந்தால் யாராக இருந்தாலும் முதலில் கேபிளைப் பிடுங்கலாம், பிறகு தெரிவித்தால் போதும். கீழே வினீத்தின் கையெழுத்து.

சீதா அதை இரண்டு தடவை படித்தாள். "இதுல எப்போ கையெழுத்து வாங்கினே?" என்று ஆதர்ஷைக் கேட்டாள்.

"இன்னிக்குக் காலையிலே, சேச்சி. கேட்ட உடனே போட்டுத் தந்நு."