ஒரு ஃபேனும் நாலு குடும்பமும்

இன்று சாயங்காலம் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் செல்வி அக்காவைப் பார்த்தேன். சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீடு.

அப்போது தெருவிலேயே அவர் வீட்டில்தான் ஃபேன். அக்கம்பக்கத்து நாலு குடும்பமும் அவரவர் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு அங்கே போய்விடுவோம். அக்காவும் விளக்கை நிறுத்திவிடுவார்; இருட்டில் ஒரே சிரிப்பு.

“இப்பவும் லைட்டை நிறுத்திட்டுத்தான் உக்காருவீங்களாக்கா?”

“ஆமாம்மா. மாமா போனப்புறம் தனியாத்தான இருக்கேன். வூடு இருட்டா இருந்தா, இன்னா கரண்ட் இல்லியான்னு கேட்டுக்கினு யார்னா வருவாங்கன்னு பாக்குறேன்.”

“வர்றாங்களா?”

“எங்க? ஆளுக்கொரு ஏசி. கதவை சாத்திக்கினு உள்ளயே இருக்காங்க.”

என் நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை. அக்கா வீட்டுக்கே போய், இருட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு இப்போதுதான் திரும்பினேன்.

மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லும் எந்த விளம்பரத்திலும் இந்தக் காரணத்தைப் பார்த்ததில்லை.

உங்கள் வீடு இருட்டாக இருந்தால் யார் வந்து கேட்பார்கள்?